சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தி

வீட்டிலேயே போட்டோ அச்சடித்தால் லாபமா, லேபில் கொடுத்து எடுத்தால் லாபமா என்று போன மாதம் என் கணவர் கேட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைகளுக்கு ஒரு பிரிண்டர் வாங்கலாம் என்பது அவருடைய யோசனை. பாவம், சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பேச்சை என் காதுபட யாரும் எடுக்கக் கூடாது. பத்து வயதில் ஒரு பிரிண்டரோடு ஒரே வீட்டில் குடியிருந்து அவஸ்தைப்பட்டவள் நான்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா டேனரியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். பதப்படுத்திய தோலுக்குக் கடைசியாக நிறம் ஏற்றி, மெருகு பூசி, சூடாக இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம் அது. வெளிநாட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தோல் துண்டு வரும். இதே நிறத்தில் ஒரு லாரித் தோல் வேண்டும் என்பார்கள். அப்பா அந்தத் துண்டை வெயில் நேராக விழாத ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார். தாங்கள் கலந்து வைத்திருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தி, கறுப்பு ஒரு சொட்டு கம்மி" என்பார். அடுத்த முறை கலக்கும்போது நிறம் அப்படியே உட்கார்ந்துவிடும். அவர் கையில் ஷேடு தப்பியதும் இல்லை, இஸ்திரியில் ஒரு தோல் கருகியதும் இல்லை என்று டேனரியில் பேச்சு. பிரிண்டர் வருகிறவரைக்கும் அம்மாவே இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எங்கள் மூவரோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. வேலூரில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவாள். அப்பாவுக்கு ஒரு அண்ணனும் உண்டு. காவேரிப்பாக்கத்துப் பெரியப்பா. அப்பாவைப் படிக்க வைத்தது, வேலையில் சேர்த்துவிட்டது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். அவர் வந்தால் எங்கள் வீட்டில் நாற்காலி ஒன்றுக்குத்தான் வேலை. அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்ன எதற்கும் முடியாது என்று அப்பா வாயிலிருந்து வந்ததும் இல்லை.

பிரிண்டர் வந்த கதை இப்படி. துபாயிலிருந்து வந்த ஒரு தோஸ்த் அப்பாவுக்கு டிஜிட்டல் கேமரா ஒன்று கொடுத்தார். அப்பா கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். அம்மா துணி உலர்த்துவது, நான் பல் தேய்ப்பது, எதிர்வீட்டு ஆடு. எல்லாவற்றையும் பஜாரில் இருந்த லேபில் கொடுத்துப் பிரிண்ட் போட்டபோது பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். காகிதத்தில் கொஞ்சம் மை படுவதற்கு ஒரு போட்டோவுக்கு ஐந்து ரூபாயா என்று அன்று முழுக்க லேப்காரரைத் திட்டினார். அடுத்த சம்பளத்தில் வேலூரிலிருந்து ஒரு பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏற்கெனவே தவணையில் வாங்கியிருந்த கம்ப்யூட்டரோடு அதை இணைத்துவிட்டு, பெரியப்பாவுக்குப் போன் போட்டு, ஒரு போட்டோ ஒன்றரை ரூபாய்க்கு முடிந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். பெரியப்பா பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுகிறவர். தம்பிக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று மனசாரப் பாராட்டினார்.

அந்த ஒன்றரை ரூபாயில் காகிதம் சேரவில்லை. பளபளப்பான போட்டோ காகிதம் தனியாக வாங்க வேண்டும் என்பதும், அது வேலூரில்தான் கிடைக்கும் என்பதும், அதற்கு பஸ் சார்ஜ் உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த மிஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. சுவிட்சைப் போட்டதும் உடனே வேலை செய்யாது. இழுத்து இழுத்து முனகும். உள்ளே தன்னைத்தானே கழுவிக்கொள்கிறதாம். எதை வைத்துக் கழுவுகிறது? நாம் காசு கொடுத்து வாங்கிய மையை வைத்து! போட்டோவுக்கு ஊற்றிய மையைவிட அது குளித்த மைதான் அதிகம். நடுவில் கரண்ட் போனால் கழுத்து வரைக்கும் வந்த போட்டோ அப்படியே நின்றுபோகும். கரண்ட் வந்ததும் மறுபடியும் குளியல். மூன்று நிறத்துக்கும் சேர்த்து ஒரே டப்பா. மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் முழு டப்பாவையும் தூக்கிப்போட வேண்டும். ஒரு டப்பா விலையில் ஒரு மாதப் பால் வாங்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள். அம்மாவின் கணக்கு மட்டும் எப்போதும் சரியாக இருந்தது.

இதில் என் பாடுதான் ரொம்ப மோசம். எங்கள் வகுப்பில் ஏலகிரிக்குச் சுற்றுலா போனபோது நான் அந்தக் கேமராவைக் கொண்டுபோய் எல்லோரையும் எடுத்திருந்தேன். எங்கள் வீட்டிலேயே போட்டோ மிஷின் இருக்கிறது, எல்லோருக்கும் ஆளுக்கொன்று தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். தினமும் காலையில் பிரேயருக்கு நிற்கும்போது இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டார்கள். இன்றைக்கு மை இல்லை, இன்றைக்குக் காகிதம் இல்லை, இன்றைக்குக் கரண்ட் இல்லை. கடைசியில் மிஷினே இல்லை என்று முடிவுகட்டி என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா அத்தைக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். ஆற்காட்டில் வசதியான குடும்பம். மாப்பிள்ளைக்கு இரண்டு கடை. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வருவார்களாம், தையில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமாம். படித்த வரைக்கும் போதும், எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை என்று அவர்கள் சொன்னதையும் பெரியப்பா சந்தோஷமாகவே சொன்னார். உட்கார்ந்து சாப்பிடலாம் பார், என்றார். அத்தை காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பெரியப்பா கொண்டுவந்திருந்த, பாகில் ஊறிய மக்கன் பேடாவில் மும்முரமாக இருந்தேன். ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கவனிக்கிற குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துவிடலாமா என்று பெரியப்பாவே கேட்டார். அப்பா நின்றபடியே, ஸ்டுடியோவில் முகத்தை வெள்ளையடித்துவிடுவார்கள், நாளைக்கு ஏமாற்றிவிட்டோம் என்ற பேச்சு வரும், நம் வீட்டு மிஷினில் உள்ளது உள்ளபடி வரும், செலவும் கிடையாது என்றார். செலவு கிடையாது என்றதும் பெரியப்பா ஒப்புக்கொண்டார். வெங்காய நிறப் பட்டுப்புடவையில் அத்தையை வாசலில் நிறுத்தி அப்பா படம் எடுத்தார்.

முதல் பிரிண்ட் மறுநாளே வந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. அம்மா அதை உறையில் போடப் போனாள். அத்தை பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்துவந்து போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அண்ணா, ஜன்னலாண்ட வந்து பாரேன். சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியல?"

அப்பா புடவையைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். பிறகு அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாம்மா. ஜாஸ்திதான்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்தது சனியன். அப்பா டேனரியிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மிஷின் குளிக்கும். காகிதத்தில் ஒரு அத்தை வரும். இரண்டு பேரும் புடவையோடு ஜன்னலுக்குப் போவார்கள். சிவப்பைக் குறைத்தால் முகம் பச்சையாகும். பச்சையைக் குறைத்தால் புடவை கத்தரிக்காய் ஆகும். ஒருநாள் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நானும் அம்மாவும் மூச்சுவிட்டோம். ஜரிகை மஞ்சளாகத் தெரிகிறதே தவிர தங்கமாகத் தெரியவில்லையே என்றாள் அத்தை. எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போலிருந்தது. மற்ற நேரத்தில் தலையைக்கூட ஒழுங்காகப் பின்னிக்கொள்ளாமல் புத்தகத்தோடு ரயிலுக்கு ஓடுகிறவள், ஒரு ஜரிகைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுகிறாளே என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்று அம்மா சொன்னாள்.

வீணாய்ப்போன பிரிண்டுகளை அம்மா தூக்கிப்போடவில்லை. கெட்டிக் காகிதம், காசு கொடுத்தது. சமையலறை டப்பாக்களுக்கு மூடிக்கு அடியில் வைத்தாள். துவரம்பருப்பைத் திறந்தால் பச்சை அத்தை. மிளகாய்த்தூளைத் திறந்தால் சிவப்பு அத்தை. உப்பு ஜாடியில் கரண்ட் போன அன்று வந்த, கழுத்து வரைக்குமான அத்தை. சமைக்கும்போது ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஒவ்வொரு அத்தைக்கும் அம்மா ஒரு பாட்டு பாடினாள்.

பெரியப்பா மாதத்துக்கு இரண்டு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் மக்கன் பேடா, ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. அப்பா பவ்யமாக ஜன்னலோரம் அழைத்துப்போய்ப் புடவையையும் போட்டோவையும் காட்டி, ஷேடு இன்னும் உட்காரவில்லை என்பார். பெரியப்பாவுக்கு எல்லாப் பிரிண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஷேடு பார்ப்பதில் தம்பியை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவரே அவர்தான். அதனால் தலையாட்டுவார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

"பஜாருக்குப் போய் அஞ்சு ரூபா குடுத்தா முடிஞ்சுபோற வேலைக்கு, இந்த மனுஷன் வீட்டையே வித்துடுவாரு போல! எனக்குப் பேஜாரா போச்சு!"

"மெதுவா பேசு" என்பார் அப்பா. அம்மா இன்னும் சத்தமாகப் பேசுவாள். பெரியப்பா தம்பியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இப்படியே ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை பெரியப்பா போன் செய்தார். ஆற்காட்டுக்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். நெமிலியில் இன்னொரு பெண் தயாராக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே வந்து, எந்தப் போட்டோ இருந்தாலும் வாங்கிக்கொண்டு நேராக ஆற்காட்டுக்குப் போகிறேன், ஷேடும் வேண்டாம் கீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனை வைத்ததும் அப்பா மிஷினைப் போட்டார். மை தீர்ந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றினேன். தீபாவளிக்கு எல்லோரும் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு லேபை மூடிவிடுவார்கள். லேப்கார பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். நான் குனிந்து உள்ளே போய், ஒரே ஒரு போட்டோ, அவசரம் என்றேன். எங்கள் அப்பா அங்கே வராமல் போன கதை அவருக்குத் தெரியும்.

"வீட்டு மிஷின் இன்னா ஆச்சு பாப்பா?" என்று சிரித்தார். நான் காசை எடுத்து நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்து விழுந்தது. பெரிய சைஸ், பளபளவென்று. வெங்காய நிறமென்றால் வெங்காய நிறமேதான். ஜரிகை தங்கம். அத்தை அவ்வளவு அழகு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டு மாதம் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியதை ஒரு சின்னப் பெண் பாதி இறக்கிய ஷட்டருக்குள் நுழைந்து முடித்துவிட்டாள் என்ற கர்வத்தில் கால் தரையில் படவில்லை.

அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். அத்தை சமையலறை வாசலில் நின்றாள். அவள் புடவையை எடுத்துவரவில்லை. சிவப்பு ஜாஸ்தி என்றும் சொல்லவில்லை. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"ஷேடு கரெக்டா இருக்கு பாப்பா" என்றார் என்னிடம். பிறகு, "ஃபினிஷிங்தான் பத்தல" என்றார்.

டேனரியிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த மெருகுத் திரவத்தைப் பரணிலிருந்து இறக்கினார். ஒரு துணியைச் சுருட்டி அதில் நனைத்து, தோலுக்குப் பூசுகிற மாதிரியே போட்டோவின் மேல் பூசினார். கொஞ்சம் காய்ந்ததும் இஸ்திரி வேண்டும் என்றார். அத்தை இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து செருகினாள். வேண்டாங்க, வேண்டாங்க என்று அம்மா அலறினாள். தோலுக்கு இது போட்டால்தான் பளபளப்பு நிற்கும், போட்டோவும் ஒரு தோல் மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டே அப்பா சூடான பெட்டியை அத்தையின் முகத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். பெட்டியைத் தூக்கியபோது பாதி போட்டோ அதோடு போயிற்று. மீதி அப்பளம் மாதிரி கொப்பளித்து நின்றது. சரியாக அந்த நேரத்தில் பெரியப்பா பேடா பொட்டலத்தோடு உள்ளே வந்தார். அன்று அம்மா கத்தியதைத் தெருவே கேட்டது. தோலைக் காயவைத்துக் காயவைத்து இந்த மனுஷனுக்கு மூளையும் காய்ந்துபோய்விட்டது என்றாள். அப்பா தலையைக் குனிந்து நின்றார். பெரியப்பா இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் வெங்காய நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. லேப் மூடியாயிற்று, டப்பாக்களில் இருந்த அத்தைகளோ எண்ணெயும் மிளகாயும் பட்டு யாருக்கும் கொடுக்கிற நிலையில் இல்லை.

"ஒரு மிஷினால ஒரு சம்பந்தம் போச்சேடா" என்றார். நெமிலிப் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் நடந்தது.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். போன மாதமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ரிட்டயரான அப்பா, இன்னும் சத்தமாகவே பேசுகிற அம்மா, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருக்கிற அத்தை. அந்த வருஷம் பரீட்சை எழுதி, வேலையில் சேர்ந்து, பல வருஷம் கழித்துத் தனக்குப் பிடித்தவரைப் பெரியப்பா சம்மதத்தோடு கல்யாணம் செய்துகொண்டவள். நான் என் கணவரிடம் வழக்கம்போலக் கை ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன். "சர்வீஸ்ல ஒரு தோலைக்கூடக் கருக்காத மனுஷன், ஒரு போட்டோவைக் கொண்டுபோய்..." என்று சொல்லும்போது நானே நின்றுவிட்டேன். இவ்வளவு வருஷமாக அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் என் காதில் விழுந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அத்தை இலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவளுக்கே நரைக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னுமா மறைக்கிற?" என்றாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பைத்தியக்காரி மாதிரி எவ்ளோ கத்தினேன்!"

"நீ நெஜமா கத்தினதாலதான் அண்ணன் நம்பினாரு" என்றார் அப்பா.

அம்மா அப்பாவுக்கு ரசம் ஊற்றவில்லை. எனக்கும் எரிச்சல் அடங்கவில்லை. அண்ணன் முகத்துக்கு நேராக ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும். அதைச் சொல்ல வாய் வராமல் எத்தனை டப்பா மை, எத்தனை காகிதம்! அத்தனையும் போக, பொய்க்காரி என்ற பட்டத்தோடு ஐந்தாம் வகுப்பை முடித்தவள் நான்.

ஆனால் அன்று ராத்திரி வேறொன்று ஞாபகம் வந்தது. பெரியப்பா பேடாவை வைத்துவிட்டுப் போன பிறகு, கருகின போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள். என்னைவிட அதிகமாக அழுதாள். தன் போட்டோ வீணாய்ப்போன துக்கம் என்று நினைத்து எனக்கு மனசு தாங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாத அத்தை. நாளைக்கே லேபுக்குப் போய் உனக்கு இன்னொண்ணு போட்டுத் தர்றேன்" என்றேன்.